நாற்பத்து மூன்று டிரம்

அலுவலகம்
ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாளி எழுதுவது. போனில் பேசினால் பட்டறைச் சத்தத்தில் உனக்குப் பாதி கேட்பதில்லை. கேட்கிற பாதிக்கும் "சரிடா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை நடுவில் துண்டிக்க முடியாது பார்.

ஒரு நல்ல சேதி. எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. பத்து வருஷமாகக் கழிவுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நான் பார்த்தது சீல் வைக்கிற வேலை. போகிற பட்டறையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தாலும் எனக்குக் குடிக்கப் பயம். இப்போது புதிதாக ஊக்குவிப்புப் பிரிவு என்று ஒன்றைத் திறந்து என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். சிரிக்காதே. எங்கள் பெரிய அதிகாரியின் யோசனை இது. "மிரட்டி மிரட்டி என்னத்தக் கண்டோம்? எல்லாரும் ஒளிக்கக் கத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். இனிமே தட்டிக்கொடுத்துப் பார்ப்போம்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததும் இதுதான்.

திட்டம் ரொம்பச் சுலபம். ஒவ்வொரு பட்டறையும் தன்னிடம் எவ்வளவு கழிவு இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, எங்கே போகிறது என்று தானாகவே ஒரு படிவத்தில் எழுதித் தரவேண்டும். தந்தவர்கள்மேல் நடவடிக்கை கிடையாது. குறை இருந்தால் சரிசெய்ய ஆறு மாதம் அவகாசம். வாசலில் மாட்ட ஒரு பச்சைப் பலகையும் தருவோம். அது இருந்தால் பெரிய கம்பெனிக்காரர்கள் தேடிவந்து வேலை கொடுப்பார்கள்.

உனக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. உன் தெருவில் உன்னோடு சேர்த்துப் பதினொரு முலாம் பட்டறை. எல்லோரும் எழுதிக் கொடுத்து, மொத்தக் கசடு நூறு டிரம்மைத் தாண்டினால், அலுவலகமே லாரியை ஏற்பாடு செய்து அள்ளிக்கொண்டு போகும். அந்த லாரிக்காக நீ எத்தனை வருஷமாகத் தொண்டை வற்றக் கத்துகிறாய் என்று எனக்குத் தெரியாதா?

இதுவரை ஒரு ஆள்கூடச் சேரவில்லை. இந்தப் பிரிவே ஆறு மாதச் சோதனைதான். பட்டியல் காலியாகவே இருந்தால் இழுத்து மூடிவிட்டு என்னை மறுபடியும் சீல் வைக்க அனுப்பிவிடுவார்கள். முதல் பெயர் உன் பெயராக இருக்கட்டும், அக்கா. உள்ளதை உள்ளபடி எழுது, அது போதும்.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அத்தைக்குக் காட்டவேண்டும் என்று தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள்.

உன் தம்பி
வாளி


பட்டறை
ஜனவரி 17

அன்புள்ள வாளிக்கு,

பதவி உயர்வு வந்த பிறகும் வாளி என்றே கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, அதற்காகவே இரண்டு மாதமாக நீ எழுதாமல் இருந்ததை மன்னித்துவிட்டேன். கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கண்ணாடியண்ணன் தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே, "தம்பி நம்மளத் தட்டிக்கொடுக்கப் போறாரா? முதுகுலதானே?" என்றார். அப்பா காலத்து ஆள், கண்ணாடி வருஷத்துக்கு வருஷம் தடிமனாகிறதே தவிர வாய் குறையவில்லை. ஒன்பது பேரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

படிவம் வந்தது. பதினாறு பக்கம்! என்னைக் கல்யாணம் பேச வந்தவர்கள்கூட என்னைப்பற்றி இவ்வளவு கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அந்த மனுஷன் ஓடிப்போயிருக்கமாட்டானோ என்னவோ.

பின் கொட்டகையில் முப்பத்தேழு டிரம் இருக்கும் என்று நினைக்கிறேன். சாமான்களைக் கழுவின தண்ணீரில் மருந்தும் சுண்ணாம்பும் போட்டு, அடியில் படிகிற கசடை வடிகட்டி, டிரம்மில் அடைத்து, மூடிமேல் வெள்ளைப் பெயின்டில் தேதி, எடை, எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று எழுதி வைக்கிறேன். நீயே ஒரு லீவில் வந்து நாலு மூடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய். உன் கையெழுத்து எதுவென்று தூரத்திலிருந்தே தெரியும், கோழி கிளறினாற்போல் இருக்கும். கசடு அள்ள லைசென்ஸ் வாங்கின லாரிக்காரன் முன்பெல்லாம் அரை லோடுக்கும் வந்துகொண்டிருந்தான். நாலு வருஷமாக, "நூறு டிரம் சேரட்டும்மா, கட்டுப்படியாகாது" என்று ஒரே பாட்டு. நான் ஒருத்தி நூறு டிரம் சேர்க்கப் பத்து வருஷம் ஆகும். உங்கள் சட்டமோ தொண்ணூறு நாளுக்கு மேல் ஒரு டிரம்கூட இருக்கக் கூடாது என்கிறது. நீங்களும் அவனும் ஒருநாள் எதிரெதிரே உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்களேன்.

மற்றவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பக்கத்துப் பட்டறை மீசைக்காரரிடம் ஒரு டிரம்கூடக் கிடையாது. மழை வந்தால் அந்த மனுஷன் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டு, முன்பக்கம் வந்து நின்று டீ குடிப்பார். கால்வாய் மஞ்சளாய் ஓடும்.

அப்பாவும் அதைத்தான் செய்தார். மழைகூட இல்லாத நாளில் வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கொட்டினது நீ. அந்தப் பெயர் வேறு எப்படி வந்தது உனக்கு? அதே கால்வாயில் துணி துவைத்த அம்மாவின் பாதத்தில் வந்த புண் கடைசி வரைக்கும் ஆறவில்லை. பட்டறை என் கைக்கு வந்த அன்றைக்கே அந்தக் குழாயைச் சிமென்ட் வைத்து அடைத்தேன். உங்கள் சட்டத்துக்குப் பயந்து இல்லை.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல். பத்தாம் பக்கத்தில், 'தொண்ணூறு நாளுக்கு மேல் சேமிப்பில் உள்ள கழிவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் முப்பத்தேழு என்று எழுதினால் எனக்கு என்ன ஆகும்? அதிகாரியாகச் சொல்லாதே, தம்பியாகச் சொல். எழுதிவிடுகிறேன்.

பல்லை அனுப்பச் சொல். முலாம் பூசித் தருகிறேன். நிக்கலா, குரோமா என்று கேட்டு எழுது.

அக்கா


அலுவலகம்
ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியாகவே சொல்கிறேன். உனக்கு ஒன்றும் ஆகாது.

உன் கடிதம் வந்த மறுநாள் பெரிய அதிகாரியிடமே போய்க் கேட்டேன். யாருடைய பட்டறை என்று சொல்லவில்லை. "ஒளிக்காமச் சொல்றவங்களத் தொட்டா அப்புறம் எவன்யா உண்மை சொல்லுவான்? தொடமாட்டேன்" என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். கூட்டத்திலும் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னார். இதற்குமேல் என்ன வேண்டும்?

அதையும் மீறி நாளைக்கு யாராவது உன்னைக் கேட்டால், "அந்த வாக்குக் குடுத்தது நான்தான்" என்று நானே முன்னால் வந்து நிற்பேன். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், என் கையெழுத்துத்தான் சாட்சி. கோழி கிளறினாலும் என் கையெழுத்துத்தானே.

ஒரு உதவி வேண்டும். மீசைக்காரரையும் தெருவில் மற்றவர்களையும் நீதான் சேர்த்துவிடவேண்டும். நான் போனால் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். நீ அவர்களில் ஒருத்தி. அவர்களும் எழுதினால்தான் லாரி.

பாப்பாவுக்குக் குரோம்தான் வேண்டுமாம். தீப்பெட்டியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

வாளி


பட்டறை
பிப்ரவரி 15

அன்புள்ள வாளிக்கு,

எழுதி முடித்துவிட்டேன். மூன்று நாள் வேலையைப் பாதியாக்கிவிட்டு நானும் கண்ணாடியண்ணனும் ஒவ்வொரு டிரம்மாகத் தராசில் ஏற்றினோம். அவர் எடையை வாசிக்க, அவர் வாசித்ததை நான் ஒருமுறை சரிபார்க்க, முதுகு விட்டுப்போயிற்று. முப்பத்தேழு இல்லையாம், நாற்பத்து மூன்று. ஆறு டிரம் சுவரோரம் தார்ப்பாய்க்கு அடியில் இருந்திருக்கிறது. "அந்த ஆறும் நம்ம கண்ணுலயே படலன்னு வெச்சுக்கலாமே" என்றார் அண்ணன். அவர் கண்ணில் எதுதான் படுகிறது? நாற்பத்து மூன்று என்றே எழுதினேன். எல்லாவற்றுக்கும் தேதி, எடை. இணைப்பாக லாரிக்காரனுக்கு நான் எப்போதெல்லாம் போன் செய்தேன் என்ற விவரம்.

தெருவையும் சேர்த்துவிட்டேன். வீடு வீடாகக் கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுபோல் போனேன். பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உனக்குச் சந்தோஷம்தானே? ஆனால் கொஞ்சம் பொறு. மீசைக்காரர் என் முன்னாலேயே படிவத்தை நிரப்பினார். எனக்கு மூன்று நாள் ஆனது அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதினாறு பக்கத்திலும் 'இல்லை, இல்லை, இல்லை.' "என்னங்க இது, குழாய் என்ன ஆச்சு?" என்றேன். "எந்தக் குழாய்?" என்றார். மற்ற ஒன்பது பேரும் அவருடையதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். ஆகத் தெரு மொத்தத்துக்கும் நாற்பத்து மூன்று டிரம், நாற்பத்து மூன்றும் என்னுடையது. இதில் நூறு எங்கிருந்து வரும்? லாரி எங்கிருந்து வரும்? நீ நேரில் வந்து பார்த்தால்தான் சரிப்படும்.

இன்னொன்று. திட்டத்தை விளக்கப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு ஹாலில் நீ நடத்தின கூட்டத்துக்கு என்னால் வரமுடியவில்லை. மீசைக்காரர் வந்திருந்தார். "உங்க தம்பி பிரமாதமாப் பேசினாரும்மா. ஒரு பட்டறைக்காரராம், ஒரு கால்வாயாம், காலெல்லாம் புண்ணாப் போன ஒரு அம்மாவாம். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார். அம்மா தன் காலை என்னிடம் காட்டக்கூட வெட்கப்பட்டுப் புடவையை இழுத்து மூடிக்கொள்வாள். நீ ஹால் முழுக்கக் காட்டியிருக்கிறாய். "அந்தக் கதையில வாளி தூக்கின பையன் ஒருத்தன் வந்தானா?" என்று கேட்டேன். "அப்படி யாரும் வரலியே" என்றார்.

கோபம் இல்லை. மனசு ஒரு மாதிரி இருந்தது, சொல்லிவிட்டேன்.

பல் தொட்டியில் ஒட்டமாட்டேன் என்கிறது. மேலே செம்பு பூசிவிட்டு அப்புறம் குரோம் போட்டுப் பார்க்கிறேன்.

அக்கா


அலுவலகம்
பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கெட்டிக்காரி! பதினொன்றுக்குப் பதினொன்று! ஒரு தெரு முழுக்கச் சேர்ந்தது இதுதான் முதல் தடவை. பெரிய அதிகாரி உன் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்படித்தான் எழுதணும், பாருங்க" என்று எல்லா மேஜைக்கும் காட்டினார். நகல் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். தினமும் உன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போகிறேன்.

மற்றவர்கள் எழுதினது எனக்கும் தெரியும். கவலைப்படாதே. எல்லாப் பட்டறைக்கும் சரிபார்க்க ஆள் போகும். அங்கே வண்டவாளம் தெரிந்துவிடும். பலகை கொடுக்கும் விழாவில் நீதான் பேசவேண்டும், இப்போதே யோசித்து வை.

அம்மா விஷயம் தப்புத்தான். பெயர் சொல்லவில்லையே என்று நினைத்துவிட்டேன்.

அவசரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

வாளி


வீடு
மார்ச் 19

வாளி,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். பட்டறைக்குள் போகமுடியாது. கதவில் உங்கள் அலுவலகத்துச் சீல் தொங்குகிறது.

சரிபார்க்க இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மரியாதையாகத்தான் பேசினார்கள். நேராகப் பின் கொட்டகைக்குப் போனார்கள், வழி கேட்கக்கூட இல்லை. என் படிவத்தில் நானே வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேனே. ஒவ்வொரு மூடியையும் போட்டோ எடுத்தார்கள். தேதி தெளிவாக இருந்ததால் அவர்களுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. பிறகு மீசைக்காரரிடம் போனார்கள். டிரம் எங்கே என்றார்களாம், இல்லை என்றாராம். சுற்றிப் பார்த்தார்கள், உண்மையிலேயே இல்லை. பத்து நிமிஷத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கு வெயில். கால்வாய் காய்ந்து கிடந்தது.

ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. தொண்ணூறு நாளைத் தாண்டிய நாற்பத்து மூன்று டிரம், ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றம். தொழிலை உடனே நிறுத்தவேண்டும். நான் எழுதின தேதியையே வரிசையாக எடுத்து எழுதி எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். தெருவில் மற்ற பத்துப் பேர் வாசலிலும் பச்சைப் பலகை தொங்குகிறது. பகலில் அந்தப் பக்கம் நடந்துபோனால் கண் கூசுகிறது.

பட்டறை ஆட்கள் ஒன்பது பேரும் காலையில் வீட்டு வாசலில் வந்து உட்காருகிறார்கள். போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்காரச் சொல்லவும் இடமில்லை. கண்ணாடியண்ணன் மட்டும், "தம்பி இருக்காரும்மா, பார்த்துக்குவாரு" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேலி செய்தவர் அவர்தான், இப்போது உன்னை நம்புகிறவரும் அவர்தான்.

ஏப்ரல் 8 விசாரணை. உன் ஜனவரி 24 கடிதம் என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டினால் போதும், வாக்குக் கொடுத்துத்தான் எழுத வைத்தார்கள் என்று தெரிந்துவிடும். காட்டட்டுமா? உன்னைக் கேட்காமல் காட்டமாட்டேன். அதைவிட நீயே எழுந்து சொன்னால் கடிதமே வேண்டாம்.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா


வீடு
மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நோட்டீஸ் விஷயம் எனக்கே அனுப்பின பிறகுதான் தெரியும். சத்தியமாக நம்பு.

பெரிய அதிகாரிக்கு இந்த மாதத் தொடக்கத்தில் திடீரென்று மாறுதல் வந்துவிட்டது. புதிதாக வந்தவரிடம் போய்ச் சொன்னேன். "நடவடிக்கை கிடையாதுன்னு எந்த உத்தரவுல இருக்கு, காட்டுங்க" என்றார். தேடினேன். எதிலும் இல்லை, அக்கா. கூட்டத்தில் வாயால் சொன்னது வாயோடு போயிற்று. "எழுத்துல யாராவது வாக்குக் குடுத்திருந்தா அவங்க பதில் சொல்லியாகணும்" என்றும் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தக் கடிதத்தை வெளியே எடுக்காதே. சொந்த அக்காவுக்குச் சலுகை காட்டினேன் என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாப்பா பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, எல்லாம் இந்த ஒரு சம்பளத்தில் ஓடுகிறது. உனக்குத் தெரியாததா? என் கடிதங்களை எல்லாம் சேர்த்து எனக்கே அனுப்பிவிட்டால் எனக்கு நிம்மதி. விசாரணையில் பணிவாகப் பேசு. விதி தெரியாமல் வைத்துவிட்டேன் என்று சொல். நான் உள்ளே இருந்து என்ன முடியுமோ செய்கிறேன்.

இன்னொன்று சொன்னால் கோபப்படக் கூடாது. இந்தத் திட்டம் நல்ல திட்டம்தான். பதினொன்றில் பத்துப் பலகை என்பது பெரிய விஷயம், இதை வைத்துத்தான் பிரிவை நிரந்தரமாக்கப் போகிறார்கள். நீ அந்த டிரம்களை அவர்கள் வருவதற்கு முன்னால் எங்கேயாவது அப்புறப்படுத்தியிருக்கலாம். இல்லையென்றால் படிவத்தையாவது கொஞ்சம் பார்த்து எழுதியிருக்கலாம்.

உன் தம்பி


வீடு
ஏப்ரல் 11

தம்பிக்கு,

நீ கேட்டபடி உன் கடிதங்களை எல்லாம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள். ஜனவரி 24 மேலேயே இருக்கிறது.

விசாரணை அன்றைக்கு அவை என் பையில்தான் இருந்தன. நீ இரண்டாவது நாற்காலியில், குறிப்பு எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாய். வெள்ளைச் சட்டை, நான் வாங்கிக் கொடுத்தது. உன் புது அதிகாரி கேட்டார்: "இத்தன நாள் வெச்சிருந்தது தப்புன்னு தெரிஞ்சுதானே எழுதிக் குடுத்திருக்கீங்க? யாரு சொல்லி எழுதினீங்க?" முன்னால் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். மெதுவாகக் குடித்தேன். தாகம் இல்லை, உனக்கு நேரம் கொடுத்தேன். நீ பேனா மூடியைக் கீழே போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாய். ஒரு பேனா மூடியைத் தேட அவ்வளவு நேரமா ஆகும்?

"யாரும் சொல்லல, நானாத்தான் எழுதினேன்" என்றேன். அதற்கப்புறம் உனக்கு மூடி கிடைத்துவிட்டது.

உத்தரவு உனக்குத் தெரியும், நீதான் எழுதினாய். டிரம்களை அப்புறப்படுத்தும் வரை பட்டறை மூடியே இருக்கும். டிரம்களை லைசென்ஸ் வாங்கின லாரிதான் எடுக்கவேண்டும். லாரிக்காரனுக்கு அன்று மாலையே போன் செய்தேன். "நூறு சேரட்டும்மா" என்றான். பட்டறை மூடியிருக்கிறது, இனிமேல் எங்கிருந்து சேரும்? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போனை வைத்த பிறகு அழுதேன்.

எனக்கு வயிறு எரிகிறது. பட்டறை போனதற்கு இல்லை. அப்பா செய்த பாவத்தை ரெண்டு பேரும் சேர்ந்து கழுவுகிறோம் என்று நினைத்திருந்தேன், நான் பட்டறையில், நீ அலுவலகத்தில். எங்கேயாவது அப்புறப்படுத்தியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, எங்கே? எங்கேயாவது என்றால் இந்தத் தெருவில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. அந்த இடத்துக்கு வழி உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். உன் வேலை போகவேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன். நீ ஒரு வார்த்தை, "அக்கா, எனக்குப் பயமாயிருக்கு" என்று எழுதியிருந்தால் நானே எரித்திருப்பேன் அந்தக் கடிதங்களை. நீ எனக்குப் புத்தி சொன்னாய்.

மீசைக்காரர் நம் ஆட்கள் ஒன்பது பேரில் எட்டுப் பேரை எடுத்துக்கொள்கிறார். அவருக்கு இப்போது வேலை குவிகிறது, பலகையைப் பார்த்து வருகிறார்களாம். கண்ணாடியண்ணனையும் எடுப்பீர்களா, அந்தக் கண்ணுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டேன். "நீங்களும் வர்றதா இருந்தா எடுத்துக்கறேன். எழுத்து வேலைக்கு எனக்கு ஆள் இல்ல, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். திங்கட்கிழமையிலிருந்து போகிறேன்.

பாப்பாவின் பல் மினுமினுவென்று நன்றாக வந்திருந்தது. மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். அது சீலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அத்தை தொலைத்துவிட்டாள் என்று சொல்லிவிடு.

இனிமேல் எனக்கு எழுதவேண்டாம்.

அக்கா


வீடு
ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதவேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. அதற்கப்புறம் இது நான்காவது கடிதம். முன்னதெல்லாம் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

போன வாரம் உன் தெருவுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. மீசைக்காரர் பட்டறை ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். முடி இவ்வளவு நரைத்துவிட்டதா? மழை தூறிக்கொண்டிருந்தது. பின்பக்கமாகக் கால்வாய் வரைக்கும் நடந்தேன். மஞ்சளாகத்தான் ஓடியது, அக்கா. நாம் சின்ன வயசில் பார்த்த அதே மஞ்சள். குழாயையும் பார்த்தேன்.

அலுவலகத்துக்கு வந்து ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் பத்துப் பலகையையும் கழற்றவேண்டும். பலகை கொடுத்தவன் நான். பிரிவை நிரந்தரமாக்கிவிட்டார்கள். உன் படிவம் சுவரில் இன்னும் இருக்கிறது. கிழிக்கலாமா என்று ஒருநாள் கையை வைத்தேன், பின்னால் யாரோ வந்துவிட்டார்கள்.

எனக்குப் பயமாயிருந்தது, அக்கா. அன்றைக்கும் பயம், இன்றைக்கும் பயம். அதைத்தான் நான் எழுதியிருக்கவேண்டும். நீ தொலைத்துவிட்டாய் என்று பாப்பாவிடம் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் ஒன்றுமே சொல்லவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

வாளி


முலாம் பட்டறை
எழுத்துப் பிரிவு
ஜனவரி 6

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி
ஊக்குவிப்புப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: தாமாக முன்வரும் திட்டத்தின்கீழ் இவ்வாண்டுப் படிவம் அனுப்புதல்.

எங்கள் பட்டறையின் பதினாறு பக்கப் படிவம் நிரப்பப்பட்டு, உரிமையாளரின் கையொப்பத்துடன் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தங்கள் வசதிக்காக முக்கிய விவரங்கள் கீழே தரப்பட்டுள்ளன.

சென்ற ஆண்டு உண்டான கசடு: இல்லை.
சேமிப்பில் உள்ள டிரம்கள்: இல்லை.
தொண்ணூறு நாளுக்கு மேல் சேமிப்பில் உள்ளவை: இல்லை.
வெளியேறும் குழாய்கள்: இல்லை.

பச்சைப் பலகையைப் புதுப்பித்துத் தருமாறு உரிமையாளர் கேட்டுக்கொள்கிறார். தெருவிலுள்ள மற்ற ஒன்பது பட்டறைகளின் படிவங்களும் அவர்களின் வேண்டுகோளின்பேரில் என்னாலேயே நிரப்பப்பட்டு இதே உறையில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றிலும் விவரங்கள் இவையேதான். பக்கத்தில் சீல் வைக்கப்பட்டிருக்கும் பட்டறைக்குப் படிவம் எதுவும் வரவில்லை. அங்குள்ள நாற்பத்து மூன்று டிரம்களும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கின்றன.

சென்ற மார்ச் மாதம் தாங்கள் அறிவுறுத்தியபடி, இம்முறை பார்த்து எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளருக்காக
எழுத்தர்